எட்டடிச் சந்தும் பதினோரு வருட ஆட்சேபணையும்

அந்த நீதிமன்ற வளாகத்தில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எல்லாரும் உதட்டைப் பிதுக்குவார்கள். "பூர்வாங்கம் எங்க இருப்பார்?" என்று கேட்டால் போதும், நகல் எடுக்கும் கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே மாடிப்படியைக் கை காட்டுவார்.

ஒரு வழக்கு நீதிபதியின் மேசைக்கு வந்ததும், யார் பக்கம் நியாயம் என்று பார்ப்பதற்கு முன்பே எழுந்து நின்று, "இந்த வழக்கையே விசாரிக்கக் கூடாது, ஐயா" என்று சொல்வதற்குப் பூர்வாங்க ஆட்சேபணை என்று பெயர். வழக்கு தவறான நீதிமன்றத்துக்கு வந்திருக்கலாம். காலம் கடந்து வந்திருக்கலாம். சேர்க்க வேண்டிய ஆளைச் சேர்க்காமல் விட்டிருக்கலாம். மற்ற வக்கீல்கள் அதைச் சாப்பாட்டில் உப்புப் போல அளவாகப் போட்டுக்கொண்டார்கள். இவருக்கு உப்புதான் சாப்பாடு. இருபத்தெட்டு வருடங்களாக நிலத் தகராறுகளை மட்டுமே எடுத்து, எதிராளியை வழக்கின் வாசலிலேயே நிறுத்தி வைத்துப் பழகியவர். உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததே இல்லை.

"கட்சிக்காரங்க கிட்ட என்ன நடந்ததுன்னு கேக்கவே கூடாது," என்பார் வக்கீல்கள் அறையில், காலை ஆட்டிக்கொண்டே. "கேட்டா சொல்லிடுவாங்க. அப்புறம் நமக்குத்தான் குழப்பம்."

அவர் மனைவி கணக்கு டீச்சர். வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டாரே தவிர, காரணம் அவருக்கு நன்றாகத் தெரியும். "குழாய் ஒழுகுதுங்கன்னு சொன்னா, எந்தக் குழாய்னு நீ குறிப்பிடலையேம்பார். சமையலறைக் குழாய்னு சொன்னா, அதை ஏன் நேத்தே சொல்லலைம்பார். அதுக்குள்ள பக்கெட் நெறஞ்சுடும்" என்று சக டீச்சர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

பூர்வாங்கத்தின் கையில் இருந்த வழக்குகளிலேயே அவருக்குப் பெருமை தந்தது சந்து வழக்குதான். ஒரு தையல்கார அம்மாவுக்கும் அவருடைய தம்பிக்கும் நடந்த வழக்கு அது. தம்பி பூட்டுக்கடைக்காரர். இருவரின் வீடும் அடுத்தடுத்து. நடுவில் எட்டடி அகலம், நாற்பதடி நீளத்தில் ஒரு சந்து. சந்து தன்னுடையது என்று தம்பி வழக்குப் போட்டார். அக்கா ஓடி வந்து பூர்வாங்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

முதல் நாளே பூர்வாங்கம் ஓர் ஆட்சேபணையை எடுத்து விட்டார். இந்த மதிப்புள்ள நிலத்தை விசாரிக்கக் கீழ்த்தளத்து நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை, மேல்தளத்தில் இருக்கும் நீதிமன்றத்துக்குத்தான் உண்டு. நீதிபதி ஒத்துக்கொண்டார். வழக்குக் கட்டு பதினெட்டுப் படி ஏறி மேலே போவதற்கு ஒன்பது மாதம் ஆயிற்று. மேலே போனதும் அடுத்தது: மனுவில் வடக்கு எல்லை என்று இருக்க வேண்டிய இடத்தில் வடகிழக்கு என்று இருக்கிறது. திருத்திக் கொண்டுவந்தார்கள். பிறகு, வெளிநாட்டில் இருக்கும் அத்தைக்கும் இதில் பங்கு இருக்கலாம், அவரைச் சேர்க்காத வழக்கு செல்லாது. அத்தைக்கு நோட்டீஸ் போய்ச் சேர்வதற்கு இரண்டு வருடம். அத்தையின் பதில் மூன்று பக்கத்துக்கு வந்தது. அதில் இரண்டரைப் பக்கம் அவருடைய மூட்டுவலி. மீதி அரைப் பக்கத்தில், 'எனக்கு ஒன்றும் வேண்டாம், நீங்கள் இரண்டு பேரும் இன்னும் இப்படித்தான் இருக்கிறீர்களா?' என்று கேட்டிருந்தார். பிறகு கையெழுத்து தவறான பக்கத்தில் இருக்கிறது. முத்திரை மங்கலாக இருக்கிறது. நகலும் மூலமும் ஒத்துப்போகவில்லை. இப்படியே பதினோரு வருடம்.

எதிர்த்தரப்பு வக்கீலம்மா இந்த வழக்கை எடுத்தபோது புத்தம்புதுக் கறுப்புக் கோட்டுடன், எதற்கெடுத்தாலும் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். இப்போது அவருக்குக் காதோரம் நரைத்துவிட்டது. ஒவ்வொரு முறை பூர்வாங்கம் எழுந்து ஓர் ஆட்சேபணையைச் சொல்லும்போதும், அவர் மறுப்பதுபோல நாலு வார்த்தை பேசிவிட்டு, "சரிங்க ஐயா, திருத்திக்கறோம்" என்று பணிவாக உட்கார்ந்துவிடுவார். அந்தப் பணிவைப் பார்த்து, 'நம்மிடம் தொழில் கற்றுக்கொள்கிறது குழந்தை' என்று பூர்வாங்கம் மனதுக்குள் பூரித்துப் போவார்.

பன்னிரண்டாவது வருடத்தில் புது நீதிபதி வந்தார். ஒல்லியான மனிதர். குரல் மட்டும் அவரைவிட ஒல்லி. முதல் நாள் சந்து வழக்கின் கட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார், எடை போடுவதுபோல.

"இதுல இன்னும் ஆட்சேபணை பாக்கி இருக்கா?"

"ஏழு இருக்கு, ஐயா," என்றார் பூர்வாங்கம் மார்பை நிமிர்த்தி.

"ஏழையும் இப்பவே சொல்லிடுங்க."

பூர்வாங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓர் ஆட்சேபணைக்கு ஒன்றரை வருடம் என்பது அவருடைய கணக்கு. ஏழையும் ஒரே காலையில் கேட்டால் தொழில் என்ன ஆவது? வேறு வழியில்லாமல் ஒவ்வொன்றாகச் சொன்னார். நீதிபதி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதினார். பதினொன்றரை மணிக்கு ஏழும் தள்ளுபடி.

"அடுத்த வியாழக்கிழமை சாட்சி விசாரணை. வாதி தரப்பு சாட்சியைக் கூட்டிக்கிட்டு வாங்க. நீங்க குறுக்கு விசாரணைக்குத் தயாரா வாங்க," என்றார் நீதிபதி.

பூர்வாங்கம் பக்கவாட்டில் பார்த்தார். வக்கீலம்மாவின் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. அது ஏன் என்று யோசிக்கும் நிலையில் அவர் இல்லை.

அன்று மாலை வீட்டில் அவருக்கு உடம்பு கணகணவென்று சுட்டது. டீச்சர் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"காய்ச்சல் இல்லைங்க. பயம்."

"எனக்கு என்ன பயம்?"

"குறுக்கு விசாரணை கடைசியா எப்பப் பண்ணீங்க?"

பூர்வாங்கம் கூரையைப் பார்த்து யோசித்தார். "நம்ம பொண்ணு பிறக்கறதுக்கு முன்னாடி." அவர்கள் மகளுக்குப் போன மாதம்தான் வேலை கிடைத்திருந்தது.

"சரி, அந்தச் சந்துல என்னதான் தகராறு?"

"சந்து யாருதுங்கறது."

"அது தெரியுது. யாருது?"

அவர் தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். டீச்சருக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"கணக்கே பாக்காம பதினோரு வருஷமா விடைத்தாளைத் திருப்பிக் குடுத்திருக்கீங்க. நாளைக்குப் போய் அந்த எடத்தை ஒரு தடவை கண்ணால பாருங்க. அந்தம்மாகிட்ட என்ன நடந்ததுன்னு கேளுங்க."

"கேட்டா சொல்லிடுவாங்களே."

"சொல்லட்டும்."

மறுநாள் காலை அக்கா வீட்டு முன்னறையில் இருந்த தையல்கடை வாசலில் போய் நின்றார். பதினோரு வருடத்தில் முதல் தடவை. உள்ளே மூன்று இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா மூக்கு நுனியில் கண்ணாடியும் வாய் நிறைய குண்டூசியுமாக ஒரு கோட்டுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தார். வக்கீலைப் பார்த்ததும் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி மெத்தையில் குத்திவிட்டுத்தான் பேசினார்.

"என்ன சார், நீங்களே வந்துட்டீங்க? தோத்துட்டமா?"

"இல்லைம்மா, இல்லை. எடத்தைப் பாக்கலாம்னு..."

"எந்த எடத்தை?"

"சந்து எடத்தை."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு பெரிய ஜன்னல். அதைத் திறந்தார்.

வழக்கு முடியும்வரை இரண்டு தரப்பும் சந்தில் கால் வைக்கக் கூடாது என்று முதல் வருடமே ஒரு தடை உத்தரவு வாங்கியிருந்தார் பூர்வாங்கம். சந்து என்றால் குப்பையும் உடைந்த வாளியுமாகக் கிடக்கும் என்று நினைத்திருந்தார். எதிரே ஒரு மாதுளை மரம் நின்றது. தடை உத்தரவை மீறி உள்ளே நுழைந்த ஒரே ஆள் அதுதான். எப்போதோ யாரோ துப்பிய விதையாக இருக்க வேண்டும். இப்போது மாடி ஜன்னல்வரை வளர்ந்து, சிவப்பும் மஞ்சளுமாகக் காய்த்துத் தொங்கியது.

பூர்வாங்கம் அசந்து நிற்கும்போதே எதிர்ச்சுவரின் ஜன்னல் திறந்தது. ஒரு கை வெளியே வந்தது. கையில் ரப்பர் குழாய். மரத்தின் அடியைப் பார்த்துத் தண்ணீர் பீய்ச்சியது. நன்றாக நனைந்ததும் கை உள்ளே போயிற்று. ஜன்னல் மூடிக்கொண்டது.

"யாரும்மா அது?"

"எதிராளி," என்றார் அக்கா. "காலையில எட்டு மணிக்குத் தண்ணி விடுவான். கால் வைக்கலை பாத்தீங்களா, கைதான் வச்சான். கோர்ட்டை மதிக்கற பய." சொல்லிக்கொண்டே மூலையில் சாத்தியிருந்த ஒரு நீளக் கழியை எடுத்தார். நுனியில் ஒரு பெரிய கத்தரிக்கோல் கட்டி, அதன் பிடியிலிருந்து கயிறு இறக்கியிருந்தது. ஜன்னல் வழியாக அதை நீட்டி, ஒரு காய்ந்த கிளையைக் கவ்வி, கயிற்றை வெடுக்கென்று இழுத்தார். கிளை கீழே விழுந்தது. "வெட்டி விடறது நான். அவனுக்கு அது வராது. கண்ட எடத்துல வெட்டுவான்."

"பேசிக்குவீங்களா?"

"எதிராளிகிட்ட என்ன பேச்சு?" என்றார் அக்கா, ஏதோ தகாததைக் கேட்டுவிட்டதுபோல. "பழுத்ததை வலை போட்டு எடுப்போம். இந்தப் பக்கம் சாய்ஞ்ச பழம் எனக்கு, அந்தப் பக்கம் சாய்ஞ்சது அவனுக்கு. கீழ விழுந்ததை ரெண்டு பேருமே தொட மாட்டோம். அணிலுக்கு யாரும் தடை உத்தரவு வாங்கலையே."

பூர்வாங்கம் அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார்.  தொழிலில் இதுவரை கேட்காத அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"என்னம்மா நடந்தது? இந்தச் சந்து யாருது?"

அக்கா கழியைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

"என்னோடதுதான். எங்கப்பா ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல பத்திரம் எழுதினார். எனக்கு இந்த வீடும் சந்தும். அவனுக்கு அந்த வீடும் பின்னாடி இருக்கற தோட்டமும்."

"பத்திரமா? அது இருக்கா?"

அக்கா பொத்தான் டப்பாக்கள் அடுக்கியிருந்த அலமாரியைத் திறந்து, அளவு நாடாக்களுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை உருவிக் கொடுத்தார். நான்கு பக்கப் பத்திரம். பதிவு முத்திரை பளிச்சென்று இருந்தது. மூன்றாம் பக்கத்தில், ஓர் எழுத்துக்கூடக் குழப்பமில்லாமல், 'வீட்டுக்கு மேற்கே உள்ள எட்டடிச் சந்து முழுவதும்' என்று இருந்தது.

பூர்வாங்கம் அந்த வரியை இரண்டு முறை படித்தார். முதல் நாளே இதைக் கொடுத்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும் வழக்கு. ஜெயிக்க வேண்டிய வழக்கைப் பதினோரு வருடமாக நடக்கவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது எதிராளி அல்ல.

"ஏம்மா இதை என்கிட்ட சொல்லவே இல்லை?"

"சொல்ல வந்தேனே சார்! முதல் நாளே பையில வச்சுக்கிட்டுதான் வந்தேன். 'அதெல்லாம் வேண்டாம்மா, உள்ள வையுங்க, நான் பாத்துக்கறேன்'னு நீங்கதான் சொன்னீங்க. பெரிய வக்கீல், காரணம் இல்லாம சொல்வாரான்னு நானும் உள்ள வச்சுட்டேன்."

அவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். அக்கா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். அதைக் குடிப்பதற்கு மட்டும் அவருக்கு எந்த ஆட்சேபணையும் இருக்கவில்லை.

வியாழக்கிழமை நீதிமன்றம் நிரம்பி வழிந்தது. பூர்வாங்கம் குறுக்கு விசாரணை செய்யப் போகிறார் என்ற செய்தி பரவி, வேலையில்லாத வக்கீல்கள் எல்லாரும் வந்து பின்வரிசையில் இடம் பிடித்திருந்தார்கள். ஒருவர் கடலை கொறித்துக்கொண்டிருந்தார். பூட்டுக்கடைத் தம்பி சாட்சிக் கூண்டில் ஏறி நின்றார். கட்டைகுட்டையான ஆள். விரல் நுனியெல்லாம் இரும்புக் கறை. வக்கீலம்மா கேட்ட நாலு கேள்விக்கு, "ஆமா", "அந்த வீடு என்னோடதுதான்", "ஆமா", "தெரியாது" என்று பதில் சொல்லி முடித்தார்.

பூர்வாங்கம் எழுந்தார்.  பிளாஸ்டிக் உறையிலிருந்து பத்திரத்தை எடுத்து, உயரத் தூக்கிப் பிடித்தார்.

"ஐயா, இந்தப் பத்திரத்தைச் சாட்சிகிட்ட காட்ட அனுமதி வேணும்."

வக்கீலம்மா எழுந்தார். அவருடைய குரலில் வழக்கமான பணிவு துளியும் இல்லை.

"ஐயா, எனக்கு ஒரு பூர்வாங்க ஆட்சேபணை இருக்கு."

பின்வரிசையில் யாருக்கோ கடலை புரையேறிற்று.

"பதினோரு வருஷத்துல பிரதிவாதி தாக்கல் பண்ணாத பத்திரத்தை இப்ப திடீர்னு உள்ள கொண்டுவர முடியாது. இதுக்கு மூணு தீர்ப்பு இருக்கு." அவர் மூன்று தீர்ப்புகளின் நகலையும் நீதிபதியிடம் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் வேண்டிய வரியின் அடியில் சிவப்புக் கோடு போட்டிருந்தது.

நீதிபதி புரட்டினார். "இந்த மூணு வழக்குலயும் இந்த ஆட்சேபணையை எடுத்து ஜெயிச்ச வக்கீல் யாரு?"

"நான்தான், ஐயா," என்றார் பூர்வாங்கம், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோன்ற குரலில்.

"அப்ப இந்தத் தீர்ப்பெல்லாம் சரின்னு நீங்க ஒத்துக்கறீங்களா?"

"அன்னிக்கு ரொம்பச் சரியா இருந்தது, ஐயா."

நீதிபதியின் உதட்டோரம் லேசாக நெளிந்தது. ஆனால் கை எழுதியது. ஆட்சேபணை ஏற்கப்பட்டது. பத்திரம் உறைக்குள் திரும்பிப் போயிற்று.

பூர்வாங்கம் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வாசலில் நிறுத்தி வைத்த எதிராளிகள் எத்தனையோ பேர் இப்படித்தான் நின்றிருப்பார்கள், கையில் காகிதத்துடன், யாரும் அதை வாங்கிப் பார்க்காமல்.  கோட்டைப் பின்னாலிருந்து யாரோ இழுத்தார்கள். அக்கா.

"அவன் பத்திரத்தைப் பாருங்க சார்," என்றார் அடிக்குரலில். "அப்பா ரெண்டையும் எங்களை ஒக்கார வச்சுப் படிச்சுக் காட்டினார். அதுலயும் எழுதியிருக்கு."

தம்பியின் பத்திரம் தொடங்கிய நாளிலிருந்தே வழக்குக் கட்டுக்குள் இருந்தது. கட்டின் ஒன்பதாம் பக்கம். பூர்வாங்கம் புரட்டினார். ஓரத்தில் பென்சிலால், அவருடைய சொந்தக் கையெழுத்தில், 'முத்திரை மங்கல், ஆட்சேபணை செய்க' என்று குறித்து வைத்திருந்தார். அந்தக் குறிப்புக்கு நேர் எதிரே, அரை விரல் தூரத்தில், அச்சுக்கோத்ததுபோல ஒரு வரி இருந்தது. முத்திரையைப் பார்த்த கண் அந்த வரியைப் பார்க்கவில்லை.

"ஐயா, இது வாதியே தாக்கல் பண்ணின பத்திரம். இதைக் காட்ட யாருக்கும் ஆட்சேபணை இருக்காதுன்னு நெனைக்கிறேன்."

 வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தார்.

பூர்வாங்கம் கூண்டருகே போனார். "ஐயா பூட்டுக்கடைக்காரரே, இந்த வரியைக் கொஞ்சம் சத்தமாப் படிங்க."

தம்பி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "'கிழக்கு எல்லை, என் மகளுக்குக் கொடுத்துள்ள சந்து.'"

"மகள்னா யாரு?"

"அக்காதான்."

"அப்ப சந்து யாருது?"

இதற்குமேல் கேட்க அவரிடம் வேறு கேள்வி இல்லை. தம்பி மழுப்புவார், வக்கீலம்மா குறுக்கே பாய்வார் என்றெல்லாம் எதிர்பார்த்தார். தம்பி கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"அக்காவோடதுதான்."

 நீதிபதி முன்னால் குனிந்தார். "இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"எப்பவும் தெரியும், ஐயா."

"அப்புறம் ஏன் வழக்குப் போட்டீங்க?"

"அதைத்தான் யாரும் கேக்கலையே, ஐயா. கேட்டிருந்தா மொத நாளே சொல்லியிருப்பேன்." தம்பி மூச்சை இழுத்துக்கொண்டார். பதினோரு வருடமாக உள்ளே கிடந்தது மடை திறந்ததுபோல வந்தது. "அந்தச் சந்துக்கு அக்கா ஒரு இரும்புக் கதவு போட்டாங்க. போடட்டும், அவங்க சந்து. கதவுக்குப் பூட்டு வேணும்ல? பக்கத்து வீட்டுல தம்பி பூட்டுக்கடை வச்சிருக்கேன். முப்பது வருஷமா இந்தத் தொழில். இவங்க பஸ் ஏறிப் போயி, வேற ஒருத்தன் கடையில பூட்டு வாங்கிட்டு வந்து, என் கண்ணு முன்னாடி மாட்டறாங்க, ஐயா! கடைக்கு வர்றவங்கல்லாம் கேக்கறாங்க. 'உங்கக்காவே உங்ககிட்ட வாங்கலையாமே, பூட்டு சரியில்லையா?'ன்னு. நான் மூஞ்சியை எங்க வச்சுக்கறது?"

"மூணு தடவை கேட்டேன்டா!" பின்னாலிருந்து அக்காவின் குரல் வெடித்தது. "மூணு தடவையும் 'வியாழக்கிழமை வா'ன்னியே! எத்தனை வியாழக்கிழமை வர்றது நான்?"

"நல்ல பூட்டா செஞ்சு குடுக்கலாம்னு நெனைச்சேன்! ஏழு லீவர் வச்சு, தனியா உனக்குன்னு செஞ்சுக்கிட்டிருந்தேன்! நீ அதுக்குள்ள போயிட்ட!"

"அதை வாயைத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"அமைதி," என்றார் நீதிபதி. அந்த ஒல்லிக் குரல் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் முறை மேசையைத் தட்டினார். பிறகு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஐந்து வரியில் தீர்ப்பைச் சொல்லி எழுதச் சொன்னார். வழக்கு தள்ளுபடி. சந்து அக்காவுக்கு. தடை உத்தரவு ரத்து. மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

வராந்தாவில் வக்கீல்கள் பூர்வாங்கத்தைச் சூழ்ந்துகொண்டு கை குலுக்கினார்கள். கூட்டம் கலைந்ததும் வக்கீலம்மா வந்தார். தோற்றுப் போன முகமாகவே இல்லை. பாரத்தை இறக்கி வைத்தவர்போல் இருந்தார்.

"சார், ஒண்ணு சொல்லவா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"அந்த ஒன்பதாம் பக்கத்தை நான் வழக்கு போட்ட மறுவாரமே பாத்துட்டேன். தோத்துட்டோம்னு கட்சிக்காரர்கிட்ட சொன்னேன். 'பரவால்ல, நடத்துங்க'ன்னுட்டார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் இன்னிக்கு மாட்டிக்குவோம்னு பயந்துக்கிட்டே வருவேன். நீங்க எழுந்து ஒரு ஆட்சேபணையைச் சொல்லுவீங்க. பதினோரு வருஷமா என் கேஸைக் காப்பாத்தினது நீங்கதான், சார்."

அவர் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். அவருடைய தோள்கள் குலுங்கியது சிரிப்பில்தான் என்பது பூர்வாங்கத்துக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது.

அக்கா வந்து நின்றபோது நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தார். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"ஜெயிச்சுக் குடுத்துட்டீங்க, சந்தோஷம். ஆனா ஒண்ணு கேக்கறேன் சார். இதையே நீங்க மொத வருஷமே கேட்டிருந்தா, இவன் அன்னிக்கே இதைச் சொல்லித் தொலைச்சிருப்பான். என் பொண்ணு கல்யாணத்துக்கு இவன் வரலை. இவன் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நான் போகலை. அதையெல்லாம் எந்த மேல்முறையீட்டுல போய் வாங்கறது?"

 பூர்வாங்கம் தலையைக் குனிந்தபடி, "தப்புதாம்மா," என்றார். அந்த வார்த்தையை வளாகத்துக்குள் அவர் சொன்னது அதுவே முதல் தடவை.

அக்கா இடுப்பிலிருந்து கையை எடுத்தார். கோபம் முழுவதும் தீரவில்லை என்றாலும் அதற்குமேல் வளர்க்கவும் இல்லை. "சரி, போங்க. முகம் வெளிறிக் கெடக்கு. எதையாவது சாப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு, தூணருகே தயங்கி நின்ற தம்பியைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "என்னடா அங்கயே நிக்கற? பஸ்ஸுக்கு வரியா இல்லையா?" இரண்டு பேரும் படியிறங்கிப் போகும்போதே மாதுளைக்கு எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்பதில் அடுத்த சண்டை தொடங்கிவிட்டது.

சனிக்கிழமை காலை டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் மறுபாதியில் பூர்வாங்கம் தன் வழக்குக் கட்டுகளைக் கொண்டுவந்து அடுக்கினார். நாற்பத்து மூன்று கட்டுகள். எல்லாம் வாசலிலேயே நிற்பவை. ஒவ்வொன்றாக எடுத்து, முதல் தடவையாக முதல் பக்கத்திலிருந்து படித்தார். படித்து முடித்ததும் கட்சிக்காரருக்குப் போன் போட்டார்.

முதலில் முடிதிருத்தும் கடைக்காரர். சுற்றுச்சுவர் வழக்கு, ஆறு வருடம்.

"நான் உங்க வக்கீல் பேசறேன். உங்க சுவர் விஷயத்துல என்ன நடந்தது? ஆரம்பத்துலேருந்து சொல்லுங்க."

 "யாரு பேசறது? நெசமா சொல்லுங்க," என்றார் கடைக்காரர்.

நம்ப வைப்பதற்கே பத்து நிமிடம் ஆயிற்று. நம்பியபிறகு முக்கால் மணி நேரம் பேசினார். பூர்வாங்கம் இரண்டு பக்கம் குறிப்பெடுத்தார். அடுத்து பேசிய அச்சகக்காரரின் குரல் பாதியில் உடைந்துவிட்டது. இவ்வளவு நாளும் இதைச் சொல்ல ஆளில்லை என்றார். டீச்சர் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கன்னத்தில் கை வைத்துக் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது மரக்கடை முதலாளி. மூலையில் இருக்கும் ஒரு துண்டு நிலத்துக்காக எட்டு வருடமாக நடக்கும் வழக்கு.

"என்ன நடந்ததுன்னு சொல்லுங்க," என்றார் பூர்வாங்கம், இப்போது நன்றாகப் பழகிவிட்ட குரலில்.

"ஐயையோ, சார்!" முதலாளியின் குரல் சட்டென்று தாழ்ந்தது. கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "அதை மட்டும் கேக்காதீங்க. அந்த எடம் அவனோடதுதான். நான்தான் வேலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன். நீங்க பாட்டுக்கு ஒரு நல்ல ஆட்சேபணையா பாத்து எடுத்து விடுங்க."

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பூர்வாங்கம் நெற்றியைத் தடவினார்.

"திருப்பிக் குடுத்துடறது நல்லது. யோசிச்சுப் பாருங்க."

"யோசிக்கறேன் சார், கண்டிப்பா யோசிக்கறேன்."

"எவ்வளவு நாள்?"

"ஒரு பத்து வருஷம் குடுங்க."

"ஒரு வாரம்," என்றார் பூர்வாங்கம். "அதுக்குள்ள நானே நேர்ல வந்து வேலியைப் பாக்கறேன். அளவு நாடா உங்ககிட்ட இருக்கா, இல்லை நான் கொண்டுவரணுமா?"